சின்ன கம்ப்யூட்டர் கேபினெட்டில் 240 மிமீ வாட்டர் கூலர் (இரண்டு 120 மிமீ ஃபேன் கொண்டது) வைக்க மேல் தகட்டை வெட்டலாமா?

தாராளமாக வெட்டலாம். “பெரிய கேபினெட் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்வது சுலபம். அதற்கு வசதிப்பட்டிருந்தால் நீங்கள் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட்டர். மண்டபத்திலேயே உட்கார்ந்து, வரவேற்பு முடிவதற்குள் முகூர்த்த வீடியோவைத் திரையில் ஓட விட வேண்டும். பைக்கில் வைத்துத் தூக்கிப் போக வேண்டியிருப்பதால் மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய ரக கேபினெட்தான் சரிப்படும். உள்ளே ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர். வைகாசி வெயிலில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டால் 90 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இடப் பிரச்சினை இதுதான்: கூலரின் தண்ணீரை ஆற வைக்கும் ரேடியேட்டர் 27 மிமீ, ஃபேன் 25 மிமீ, ஆக 52 மிமீ உயரம் வேண்டும். என் கேபினெட்டில் ரேமுக்கு மேல் அவ்வளவு இடமில்லை. அதனால் ரேடியேட்டரை உள்ளேயும் ஃபேன்களைத் தகட்டுக்கு வெளியே மேலேயும் வைத்தேன். விரல் படாமல் இருக்க அவற்றின் மேல் கம்பி வலை.

கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறை அண்ணன்தான் வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு ஃபேனுக்கும் 114 மிமீ வட்டம், திருகு ஓட்டைகளுக்கு நடுவே 105 மிமீ. மதர்போர்டு முதல் பவர் சப்ளை வரை எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கூடாக எடுத்துப் போங்கள். ஒரு துளி இரும்புத் தூள் போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகலாம். வெட்டிய பிறகு அரம் போட்டுப் பிசிறை எடுத்து, தண்ணீரில் கழுவிக் காய வைத்து, விளிம்பில் ரப்பர் பீடிங் மாட்டுங்கள்.

திருகில் ரொம்பக் கவனம். 30 மிமீ திருகு போட்டால் ஃபேனும் தகடும் போக 4 மிமீதான் ரேடியேட்டருக்குள் இறங்கும். அதைவிட நீளமாகப் போட்டால் உள்ளே தண்ணீர் ஓடும் பாதையைக் குத்திவிடும்.

“ஏர் கூலரே போதும்” என்பவர்களுக்கு: பெரிய கேபினெட்டில் போதும்தான், மறுக்கவில்லை. சின்னதில் உயரமான ஏர் கூலர் நுழையாது. நுழைகிற குட்டைக் கூலருக்கு கிராபிக்ஸ் கார்டு விடும் சூடான காற்றுதான் கிடைக்கும். வாட்டர் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்போது அதே ரெண்டருக்கு 76, 78 டிகிரியில் நிற்கிறது.

அறை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்து மேடை போடுகிறவர்கள், எடிட்டரை மட்டும் காய்கறி மூட்டையோடு ஸ்டோர் ரூமில் உட்கார வைக்கிறார்கள். மின்விசிறி கிடையாது. கடைசிப் பந்தி முடிந்த பிறகும் சாப்பிடக் கூப்பிட ஆள் வருவதில்லை. அந்த வீடியோவைப் பார்த்து அழுகிறவர்களும் அவர்கள்தான். ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரேமின் உச்சியிலிருந்து மேல் தகடு வரை ஸ்கேல் வைத்து அளந்து கமெண்டில் போடுங்கள். 30 மிமீக்கு மேல் இருந்தால் இதே முறை உங்களுக்கும் சரிவரும்.