மகன் மலேசியா புறப்பட முன்

அம்மா, திருகோணமலை உவர்மலை வீட்டில் இருந்தபடி சிங்கப்பூர் கம்பனிக்கு சொஃப்ட்வெயார் வேலை செய்யும் மகன், அதே வேலையைக் கோலாலம்பூரில் இருந்து செய்யப் போகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் "லப்டொப் இருந்தால் போதும்" என்கிறாரே, அதுதான் இடிக்கிறது.

முதலில் கம்பனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கட்டும். ஊழியர் நாடு மாறினால் அங்குள்ள வரிச் சட்டமும் தொழிற்சட்டமும் கம்பனியையும் பிடிக்கலாம். அதனால் பல கம்பனிகள் விடுவதில்லை.

விசிட் விசாவில் போய் வேலை செய்யும் யோசனை வேண்டாம். மலேசியா 2022 முதல் 'டிஈ ரன்டாவ்' என்ற நொமாட் பாஸ் கொடுக்கிறது; வெளிநாட்டுக் கம்பனிக்கு இணையவழி வேலை செய்பவர் அங்கே தங்குவதற்கான அனுமதி அது. ஐடி துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருக்க வேண்டும். முதலில் 3 முதல் 12 மாதம், பிறகு இன்னும் 12 மாதம் நீடிக்கலாம். வருமானத்தைக் காட்ட வங்கிக் கூற்று வேண்டும். சம்பளம் நண்பரின் கணக்கில் விழுகிறது என்றால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது வரியைத்தான். 12 மாத காலத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் இலங்கையின் வரி வதிவாளர், அதாவது வரிக் கணக்கில் இந்த நாட்டில் வசிப்பவர். உலகில் எங்கு உழைத்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டுக்குச் சேவை செய்து வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு அதிகபட்ச வரி 15 வீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்கும் உண்டு. மலேசியாவில் 182 நாள் இருந்தால் அங்கும் வதிவாளர் ஆகலாம். அதற்குக் குறைந்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம்: வதிவாளர் அல்லாதவருக்கு அங்கே 30 வீதம். எங்கிருந்து வேலை செய்கிறோமோ அந்த நாடு வரி கேட்பதே பொது வழக்கம். நமது வரியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களுடையது ஜனவரியில். ஆகவே புறப்படும் திகதியே கணக்கை மாற்றிவிடும். ஒரே வருமானத்துக்கு இரு நாடும் வரி அறவிடாமல் இருக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் சலுகை. ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருப்பதை நீங்கள் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பது மலேசியாவில் அப்படிக் கிடைக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூட. சாதாரண பயணக் காப்புறுதி விபத்துக்கும் அவசரத்துக்கும் உதவும், மாதாமாதம் வாங்கும் இன்ஹேலருக்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோயைச் சேர்த்துக்கொள்ளும் திட்டமா என்று கேட்டு எடுக்கட்டும். தொய்வை மறைத்து எடுத்தால் பிறகு பணம் தர மறுப்பார்கள். மருந்தின் மூலப்பெயர் (கம்பனிப் பெயரல்ல, மருந்தின் பொதுப்பெயர்) எழுதிய வைத்தியரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

கம்பனியின் பதில் வந்ததும் மகனையே என்னோடு பேசச் சொல்லுங்கள். அதுவரை டிக்கெட் போட வேண்டாம்.