மூன்று கடவுளரா? தரம் ஐந்து மாணவியின் கேள்வி

கேள்வி: திருகோணமலை பாலையூற்றில் வசிக்கிறோம். தரம் ஐந்தில் படிக்கும் மகளிடம் அவளுடைய சைவத் தோழி, "உங்களுக்கும் மும்மூர்த்திகள் மாதிரி மூன்று கடவுளா?" என்று கேட்டிருக்கிறாள். தண்ணீர், ஐஸ்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றுதானே என்று விளக்கினேன். "அப்படியென்றால் இயேசு யாரிடம் செபித்தார்?" என்று மகள் கேட்டதும் வாயடைத்துப் போனேன். எப்படி விளக்குவது?

பதில்: சகோதரி, உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். ஒரே கடவுள்தான் வேளைக்கு ஒரு வடிவில் தோன்றுகிறார் என்று 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் சபெல்லியு என்பவர் போதித்தார். திருச்சபை அதை ஏற்கவில்லை. தண்ணீர் உவமையும் அங்கேதான் கொண்டுபோய் விடும், ஏனெனில் உறைந்த நீர் அதே நேரத்தில் ஆவியாக இருப்பதில்லை. இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றிலோ மகனாகிய அவர் நீரில் நிற்க, தூய ஆவி புறாவைப்போல் இறங்க, தந்தையின் குரல் வானிலிருந்து ஒலிக்கிறது. மூவரும் ஒரே வேளையில் இருக்கின்றனர்.

மகன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியு எனும் குருவின் போதனைக்கு எதிராக, மகன் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று 325இல் ஆயர்கள் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. தூய ஆவியும் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனை பெறுகிறார் என்பதை 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் தெளிவாக்கியது. ஆட்கள் மூவர், இறைத்தன்மை ஒன்றே. "ஆள்" என்றதும் தனித்தனியான மூன்று உடல்கள் நம் மனத்தில் எழுவதால்தான் தமிழில் இந்தக் குழப்பம் கூடுகிறது. ஆனால் இங்கே அச்சொல் குறிப்பது, ஒருவரை ஒருவர் அறிந்து, அன்பு செய்து, ஒருவரில் ஒருவர் நிலைத்திருக்கும் மூவரை. கடவுள் என்பதில் ஆளுக்கு மூன்றிலொரு பங்கு இல்லை. ஒவ்வொருவரும் முழுமையாகக் கடவுள். படைப்பும் மீட்பும் மூவரின் ஒரே செயல். ஆளுக்கொரு தொழில் என்று பிரித்துக்கொண்டதல்ல.

இதைவிட எனக்கு நெருக்கமான விளக்கம் ஒன்று உண்டு. "கடவுள் அன்பாய் இருக்கிறார்" என்று யோவான் எழுதுகிறார். உலகம் உண்டாவதற்கு முன்பு அவர் யாரை அன்பு செய்தார்? தனியராய் இருந்திருந்தால், அன்பு செய்வதற்காகவே அவருக்கு உலகம் தேவைப்பட்டிருக்கும். தந்தை மகனை என்றென்றும் அன்பு செய்கிறார் என்பதால் நம்மைப் படைத்தது தேவையினாலன்று, நிறைவினால். இயேசு இரவெல்லாம் மலையில் செபித்ததும் இந்த உறவில்தான்; தம்மிடமே பேசிக்கொண்டிருக்கவில்லை. மகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

இன்றிரவு செபத்துக்கு முன், சிலுவை அடையாளத்தை அவசரமில்லாமல் போடச் சொல்லுங்கள். நெற்றியில் தந்தை, நெஞ்சில் மகன், தோள்களில் தூய ஆவி. முடிவில் நாம் சொல்வது "பெயராலே", "பெயர்களாலே" அல்ல. அந்த ஒருமையை அவளே கண்டுபிடிக்கட்டும். தோழிக்கு, "கடவுள் ஒருவரே, அந்த ஒருவர் தந்தை, மகன், தூய ஆவி" என்ற ஒரு வரி போதும். பிறகு கோணேசரைப் பற்றித் தோழி சொல்வதையும் மரியாதையோடு கேட்டு வரச் சொல்லுங்கள்.