‘லூசு’ன்னு சொன்னா தப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்களுக்குள் ‘போடா லூசு’, ‘ஏன்டா செவிடா’, ‘கண்ணு குருடா?’ என்று பேசிக்கொள்வோம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் செட்டில் மாற்றுத்திறனாளி யாரும் கிடையாது. தங்கை மட்டும் சண்டைக்கு வருகிறாள். இதெல்லாம் தப்பா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. ‘லூசு’ பாதிக்கு மேல் செல்லச் சொல்லாகிவிட்டது. அம்மா பிள்ளையைக் கொஞ்சும்போதும் வருகிறது. அதற்காக மட்டும் தங்கை சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மனநல மாத்திரை சாப்பிடுகிறவரிடமோ அவர் வீட்டார் காதுபடவோ அதைச் சொன்னால் செல்லமாக விழாது.

‘மென்டல்’, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ இரண்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1794-ல் சென்னையில் தொடங்கி 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம் என்பதாலேயே அந்த ஊர்ப் பெயர் வசவாகிப் போனது. இதனால் வரும் சேதம் என்ன தெரியுமா? தூக்கம் கெட்டு, காரணமில்லாத பயத்தில் தவிக்கிறவர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குச் சீட்டுப் போடவே கூசுகிறார். மந்திரித்து, கயிறு கட்டி, ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் டாக்டரிடம் வருகிறார். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

‘செவிடா’, ‘குருடா’ வேறு வகை. கவனிக்காததைத்தான் திட்டுகிறீர்கள், பழி கேட்காத காதின் மேல், தெரியாத கண்ணின் மேல் விழுகிறது. சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபல் கேட்கும் திறன் போயிருந்தால்தான் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் குறைவாகக் கேட்பவர். செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் உங்கள் நண்பர் இரண்டிலும் வரமாட்டார். ‘கவனம் எங்கடா?’ போதும்.

செட்டில் யாரும் இல்லை என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா போன்ற ரத்த நோய்கள், மனநோய் எல்லாம் அதில் உண்டு. பார்த்தால் தெரியாது. தம்பிக்கு இருப்பதை வெளியே சொல்லாதவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

திட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தமிழில் வசவுக்குப் பஞ்சமா? ‘நொண்டிச் சாக்கு’க்குச் ‘சப்பைக்கட்டு’ இருக்கிறது. ‘மென்டல் மாதிரி பேசாதே’ என்பதற்கு ‘உளறாதே’. மங்குனி, உதவாக்கரை, சோம்பேறி என்று இன்னும் நிறைய இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் குருட்டு நம்பிக்கை, ஊமைக்காயம், நொண்டிச் சிந்து எல்லாவற்றையும் அகராதியிலிருந்தே எடுக்கச் சொல்வீர்களோ?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். நொண்டிச் சிந்து ஒரு பாட்டு வடிவத்தின் பெயர். கால் இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லும் நொண்டி நாடகத்தோடு சேர்ந்தது. 1908 முதல் 1918 வரை உங்கள் ஊரில் இருந்த பாரதியும் அந்த வடிவத்தில் எழுதியிருக்கிறார். ஊமைக்காயம் வெளியே தெரியாத அடி, அவ்வளவுதான். ‘குருட்டு நம்பிக்கை’தான் இடறுகிறது, அதில் பார்வையின்மை அறிவின்மையாகிறது. நாங்கள் எழுதினால் ‘கண்ணை மூடிக்கொண்டு நம்புவது’ என்போம். கண்ணை மூடிக்கொள்வது நம் இஷ்டம் அல்லவா? அடுத்தவர் எழுதியதைப் பிடித்துத் திருத்த மாட்டோம்.

கேள்வி: என் எட்டாம் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவனை ‘ரெக்கார்டு மாட்டிக்கிச்சு’ என்று கேலி செய்கிறார்கள். ‘மாற்றுத்திறனாளி’ என்று மரியாதையாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அதையே கேலியாகச் சொல்கிறார்கள்!
– ஆசிரியை, நெல்லிக்குப்பம்

பதில்: இது எங்கேயும் நடப்பதுதான். பிரிட்டனில் ‘ஸ்பாஸ்டிக்’ (தசை விறைப்பு உள்ளவர்) என்பது மருத்துவச் சொல்லாக இருந்து பள்ளிக்கூட வசவாகிவிட்டதால், ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு 1994-ல் தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. சொல்லை மட்டும் மாற்றினால் கேலி புதுச் சொல்லுக்குக் குடிபெயர்ந்துவிடும்.

கேலி செய்பவர்களை அந்த மாணவன் பெயரைச் சொல்லி வகுப்பு நடுவில் கண்டிக்காதீர்கள். அது அவனை இன்னும் காட்சிப்பொருளாக்கும். கேலியைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் ஓரிருவர்தான், அவர்களைத் தனியே அழைத்துப் பேசுங்கள். வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்லும் முறையை நிறுத்துங்கள்: தன் முறை நெருங்க நெருங்கப் பதற்றம் ஏறி, முதல் சொல்லே அடைத்துக்கொள்ளும். இருவர் சேர்ந்து ஒரே குரலில் வாசித்தால் திக்கல் பெரும்பாலும் குறையும். அவன் பேசும்போது ‘மெதுவா சொல்லு’, ‘மூச்சு விட்டுச் சொல்லு’ வேண்டாம். சொல்லை நீங்கள் முடித்தும் வைக்காதீர்கள். முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். பெற்றோரிடம் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போலியோவால் கால் பாதித்தவன் நான். மீன் மார்க்கெட்டில் பத்துப் பேர் நடுவில் ஒருவர் ‘நொண்டிப் பயலே’ என்று திட்டினார். புகார் கொடுக்கலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92(ஏ). இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நோக்கம், இடம் இரண்டையும் காட்ட வேண்டும்.

பலரும் சறுக்குவது மனுவில்தான். ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சாதாரணச் சண்டையாகிவிடும். அவர் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கேட்டவர்களில் இருவர் பெயர், சட்டப் பிரிவு எண் ஆகியவற்றோடு யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் சேருங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கும் இதே மத்தியச் சட்டம்தான். அங்கே பார்க்க வேண்டிய துறை சமூக நலத்துறை.

கேள்வி: எங்கள் அண்ணன் ‘நொண்டி வந்துட்டேன்’ என்று தன்னையே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் அப்படிக் கூப்பிடலாமா?
– வாசகி, பாகூர்

பதில்: அவரிடம் கேளுங்கள். குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அதைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. அண்ணன் சரி என்றாலும் கல்யாண வீட்டிலோ அவர் அலுவலகத்து ஆட்கள் முன்னாலோ வேண்டாம். பிள்ளைகள் இருக்கும்போதும் வேண்டாம்; மறுநாளே அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.