டிவி போட்டியில் வாங்கிய பேர் உழைத்து வாங்கியதா? கான்ட்ரி பாட ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது, பதினோராம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். இப்போது கிட்டாரும், கான்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாணிப் பாட்டும்தான் அவளுக்கு எல்லாம். அமெரிக்கன் ஐடல் என்ற டிவி பாட்டுப் போட்டியின் ஆடிஷனுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிட்டார் ஆசிரியரோ, "டிவியில் ஓட்டு வாங்கி வருவது உழைத்து வந்த பேர் இல்லை, கான்ட்ரி உலகம் அதை மதிக்காது" என்கிறார். கணவருக்குப் படிப்பு கெடும் என்ற பயம். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் கிட்டார் ஆசிரியர் சொன்னதைப் பார்ப்போம். அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. டென்னசி மாநிலத்தில், கான்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லைப் பத்து வருஷ ஊர் என்பார்கள். பெட்டியோடு போய் இறங்கினால் நாலு பேருக்குத் தெரியவே பத்து வருஷம் ஆகும் என்று அர்த்தம். அங்கே லோயர் பிராட்வே தெரு பார்களில் ஒரு ஷிஃப்ட் என்றால் நாலு மணி நேரம் பாடவேண்டும். கையில் வருவதில் பெரும்பங்கு டிப்ஸ் ஜாடியில் விழும் காசுதான். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் அப்படிப் பாடுகிறவருக்கு, ஒரே சீசனில் நாடறிந்த முகமாகிவிடும் பிள்ளையைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலில் நியாயமும் உண்டு.

ஆனால் அந்தப் பாதை எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. பார் மேடையில் நள்ளிரவு வரை பாடித் தேறு என்று 16 வயதுப் பெண்ணிடம் யார் சொல்வார்கள்? நீங்கள்தான் அனுப்புவீர்களா? கான்ட்ரியில் பெண்கள் பலர் போட்டி மேடை வழியாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது இன்று வந்த பழக்கமும் இல்லை. பாட்ஸி கிளைன் என்ற அந்தக் காலத்துக் கான்ட்ரி பாடகியை நாடு அறிந்தது 1957 ஜனவரியில், ஆர்தர் காட்ஃப்ரி நடத்திய டிவி திறமைப் போட்டியில் அவர் வென்றபோது. அதற்கு முன்பே அவர் வருஷக்கணக்காக உள்ளூர் மேடைகளில் பாடியிருந்தார், ரெக்கார்டும் போட்டிருந்தார். அன்றைக்குப் பாடிய பாட்டு கான்ட்ரி ஹிட் பட்டியலிலும் பாப் ஹிட் பட்டியலிலும் ஏறியது. இன்று அவரைப் போட்டியில் வந்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

ரேடியோவும் பெண்களுக்குத் தாராளமாக இல்லை. 2015இல் ஒரு ரேடியோ ஆலோசகர், நேயர்கள் குறையக்கூடாது என்றால் பெண்கள் பாட்டைக் கம்மியாகப் போடுங்கள், சாலட்டில் அவர்கள் ஒன்றிரண்டு தக்காளித் துண்டுதான் என்கிற மாதிரி வெளிப்படையாகவே பேசினார். பெரிய ரகளை ஆனது. கேரி அண்டர்வுட், மிராண்டா லாம்பர்ட், கேசி மஸ்கிரேவ்ஸ், கேபி பாரெட் என்று டிவி வழியே வந்த பெண்களின் வரிசையைப் பார்க்கும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மிராண்டா லாம்பர்ட் கதையை உங்கள் மகள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். அவர் வளர்ந்த லிண்டேல், டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேர டிரைவ்தான். உங்கள் மகளின் வயதில் நாஷ்வில் போய் ஒரு ரெக்கார்டிங் செய்தார். பாடக் கொடுத்த பாட்டுகள் பாப் மாதிரி இருந்தது பிடிக்காமல் ஊருக்குத் திரும்பினார். அப்பாவிடம் கிட்டார் கற்றுக்கொடுக்கச் சொன்னார், சொந்தமாகப் பாட்டு எழுதுவதற்காக. பக்கத்து லாங்வியூவில் ஒரு நடனக்கூடத்தில் இசைக்குழுவோடு பாடினார். 2001இல் சொந்த முயற்சியில் ஒரு சிடி போட்டார். இவ்வளவுக்கும் அப்புறம்தான் 2003இல் நாஷ்வில் ஸ்டார் என்ற டிவி பாட்டுப் போட்டி. அதில் அவருக்கு மூன்றாவது இடம். முதல் பரிசு பெற்றவரின் ஆல்பம் அதே வருஷம் வெளிவந்துவிட்டது. லாம்பர்ட் 2005 வரை எடுத்துக்கொண்டார், பெரும்பாலும் தான் எழுதிய பாட்டுகளோடு வந்தார், கான்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தார். பின்னாளில் கான்ட்ரி இசைச் சங்கமான சிஎம்ஏவின் சிறந்த பாடகி விருதை ஏழு முறை வாங்கினார். வேறு எந்தப் பெண்ணும் அத்தனை முறை வாங்கியதில்லை.

கேசி மஸ்கிரேவ்ஸ் அதே போட்டியில் 2007இல் ஏழாவதாக வந்தவர். அவரும் கிழக்கு டெக்சாஸ்தான். முதல் பெரிய ஆல்பம் 2013இல் வந்தது. நடுவில் நாஷ்வில்லில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பாட்டு எழுதினார், லாம்பர்டுக்குக்கூட. 2019இல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அவருக்குக் கிடைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. கிரெய்க் வெய்ன் பாய்ட் டாலஸ் பகுதிக்காரர். நாஷ்வில்லில் பல வருஷம் கஷ்டப்பட்டுவிட்டு 2014இல் தி வாய்ஸ் என்ற டிவி பாட்டுப் போட்டியில் வென்றார். ரசிகர்கள் டவுன்லோட் செய்த வேகத்தில் அவருடைய வெற்றிப் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கான்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் வந்து இறங்கியது. அடுத்த வாரம் பட்டியலிலேயே இல்லை. லேபிளோடு, அதாவது ரெக்கார்டு கம்பெனியோடு, போட்ட ஒப்பந்தமும் சீக்கிரமே முடிந்துபோனது. உங்கள் ஆசிரியரின் கணக்குப்படி உழைத்து வந்தவர்தான் அவர், அப்படியும் பேர் நிலைக்கவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் போட்டியின் ரசிகர்கள். சீசன் முடிந்ததும் அவர்கள் அடுத்த சீசனுக்குப் போய்விடுவார்கள்.

ஸ்காட்டி மெக்கிரீரி 2011இல் ஐடல் பட்டம் வென்றபோது பள்ளிக்கூடப் பையன். முதல் ஆல்பமே, எல்லா வகை ஆல்பங்களுக்குமான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம். சில வருஷம் கழித்து லேபிள் அவரைக் கைவிட்டது. தாத்தாவை நினைத்து எழுதிய ஒரு பாட்டை லேபிள் இல்லாமல் தானே 2017இல் வெளியிட்டார். அது மெல்ல மெல்ல ஏறி 2018இல் கான்ட்ரி ரேடியோ பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ரேடியோவில் அவருக்குக் கிடைத்த முதல் முதலிடமே அதுதான். 2024இல் நாஷ்வில்லின் பழம்பெரும் கான்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 2011இல் ஓட்டில் வென்ற அதே ஆள்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: போட்டியில் கிடைக்கும் பேர் கடன் மாதிரி. உழைப்பைக் காட்டி வாங்குவதும் உண்டு, வாங்கிவிட்டு உழைப்பால் அடைப்பதும் உண்டு. அடைத்தவரை கான்ட்ரி உலகம் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆசிரியர் பிரச்சினையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், ஆனால் தீர்ப்பைச் சீக்கிரம் எழுதிவிட்டார்.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருவோம். ஐடலின் முதல் சுற்று தயாரிப்புக் குழுவினர் முன்னால்தான் நடக்கும். டிவியில் பார்க்கும் நடுவர்கள் முன் போய் நிற்பதற்கே சில கட்டங்கள் தாண்டவேண்டும், வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே வீடு திரும்பிவிடுகிறார்கள். அதுவரை படிப்புக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. மேலே போனால், கலிஃபோர்னியாவில் படப்பிடிப்பு நடக்கும்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு செட்டிலேயே ஆசிரியர் வைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவருக்குப் பிடிக்கும் செய்தி ஒன்றும் உண்டு: கேரி அண்டர்வுட் 2005இல் ஐடல் வென்றபோது கல்லூரிப் படிப்பு முடியாமல் நின்றிருந்தது. மறு வருஷமே அதை முடித்துப் பட்டம் வாங்கினார்.

ஆடிஷனுக்கு அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் அவளிடம் ஒன்று கேளுங்கள்: சொந்தமாக எத்தனை பாட்டு எழுதியிருக்கிறாய்? ஒன்றும் இல்லை என்றால் இந்த வருஷத்து வேலை அதுதான். இதில் பணக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோவில் பாட்டு ஒலித்தால் ராயல்டி எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும்தான். பாடியவருக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. கற்பனை ஸ்வரம் பாடிப் பழகிய பெண்ணுக்கு மெட்டு வராமல் போகாது. கான்ட்ரியில் மெட்டைவிடச் சொல்லுக்கு மதிப்பு அதிகம், கதை சொல்லத் தெரியவேண்டும். அதற்கு வேறு பயிற்சி வேண்டும், கர்நாடக டீச்சரிடம் அது கிடைக்காது.

லீவில் ஒருமுறை நாஷ்வில் கூட்டிப்போங்கள். புளூபேர்ட் கஃபே என்று தொண்ணூறு பேர் உட்காரக்கூடிய சின்ன இடம், ஒரு கடை வரிசைக்குள் இருக்கும். திங்கட்கிழமை ராத்திரிகளில் ஓபன் மைக், அதாவது பேர் கொடுத்துவிட்டுப் பாடலாம். சொந்தப் பாட்டுதான் பாடவேண்டும். கான்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸும் டெய்லர் ஸ்விஃப்டும் லேபிள்காரர்கள் கண்ணில் பட்டது அங்கேதான். அவள் பேர் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேட்கட்டும். தன் வயதுப் பிள்ளைகள் என்ன எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வாள்.

கல்லூரிக்கு உங்கள் மாநிலத்திலேயே லெவல்லேண்டில் சவுத் பிளெய்ன்ஸ் கல்லூரி இருக்கிறது. கான்ட்ரியையும் அதன் உறவான புளூகிராஸ் இசையையும் பாடமாக நடத்துகிறார்கள், கான்ட்ரி பாடகிகள் லீ ஆன் வொமாக்கும் நடாலி மெய்ன்ஸும் படித்த இடம். இரண்டு வருஷக் கல்லூரி என்பதால் செலவும் கம்மி. நாஷ்வில்தான் என்றால் பெல்மாண்ட் பல்கலைக்கழகத்தில் இசை வணிகம் படிக்கலாம், அது தனியார், ஃபீஸ் கடிக்கும். பக்கத்து மர்ஃபிரீஸ்பரோவில் மிடில் டென்னசி அரசுப் பல்கலைக்கழகம் ரெக்கார்டிங் துறைக்குப் பேர் போனது. பாடகியாகாவிட்டாலும் சவுண்ட் இன்ஜினியரிங், பதிப்புரிமை, கச்சேரி ஏற்பாடு என்று அந்தத் துறையிலேயே சம்பளம் வரும் வேலைகள் உண்டு.

கடைசியாக ஒப்பந்தம். அவளுக்கு 18 ஆகாததால் நீங்களும் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். முகம், குரல், பின்னால் செய்யும் ரெக்கார்டுகள் என்று யாருக்கு என்ன உரிமை போகிறது, எத்தனை காலத்துக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நம் ஆட்களிடம் கேட்டால் கிரீன் கார்டு வக்கீல் நம்பர் பத்து கிடைக்கும், இதற்கு அவர்கள் சரிப்பட மாட்டார்கள். பொழுதுபோக்குத் துறை ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல் ஒருவரை ஆடிஷனுக்குப் போவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் கைக்கு வந்தபின் தேட உங்களுக்கு நேரம் கொடுக்கமாட்டார்கள்.