எவ்வளவு குத்து வாங்கினாலும் விழாத பையன்: கோத்தகிரித் தந்தை ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பையன் மூன்று வருடமாகக் குன்னூரில் குத்துச்சண்டை பழகுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ராணுவத்தில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. எவ்வளவு குத்து வாங்கினாலும் அவன் கீழே விழுவதில்லை. "இவனுக்குத் தாடை இரும்பு" என்று கோச் எல்லோரிடமும் சொல்கிறார். அதை இன்னும் உரமேற்ற வேண்டும் என்று, எடை கூடிய பையன்களோடு வாரம் நான்கு நாள் ஸ்பாரிங் (பயிற்சிக்காக நேருக்கு நேர் மோதுவது) செய்ய வைக்கிறார். சில மாதங்களாக, ஸ்பாரிங் முடிந்த இரவுகளில் தலை வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறான். பனியால் வருகிறது என்கிறாள் என் மனைவி. அடி தாங்கும் திறனைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? இதைத் தொடர விடலாமா?

பதில்: ஐயா, விளக்கத்துக்குள் போகும் முன் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து உங்கள் மகனை ஸ்பாரிங்கில் இறக்க வேண்டாம். ஸ்பாரிங் செய்த இரவுகளில் மட்டும் வரும் தலைவலிக்குப் பனியைக் காரணம் சொல்ல முடியாது. பனி மற்ற இரவுகளிலும்தான் பெய்கிறது. நம் மலையில் எந்தத் தலைவலிக்கும் முதலில் கை போவது நீலகிரித் தைலப் புட்டிக்குத்தான். சளி பிடித்த தலைபாரத்துக்கு அது இதமாகவும் இருக்கும். ஆனால் குத்து வாங்கிய தலைக்கு அது வலியைச் சற்று மறக்கடித்து, மறுநாள் மறுபடியும் ரிங்குக்குள் போகும் தைரியத்தை மட்டுமே கொடுக்கிறது. ஒரு மருத்துவர் நேரில் பரிசோதித்து வேறு காரணம் சொல்லும் வரை, இதை மூளை அதிர்ச்சியின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

இனி உங்கள் கேள்வி. தாடை இரும்பு என்று சொல்லும்போது எலும்பின் உறுதியைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுகிறது. நாக் அவுட்டில் எலும்புக்கு உள்ள பங்கு சிறிது. சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தில் மிதந்தபடி இருக்கிறது. நேராக வரும் குத்தைவிட, தலையைச் சட்டென்று திருப்பிவிடும் குத்து அதற்குக் கூடுதல் கெடுதி செய்கிறது. ஏனெனில் மண்டையோடு திரும்பிவிட, மூளை ஒரு கணம் பின்தங்கி, உள்ளே இருக்கும் நரம்பிழைகள் முறுக்கி இழுபடுகின்றன. தாடையின் நுனி கழுத்து அச்சிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளாமல் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் எவ்வளவு சுலபமாகத் திறக்குமோ, அவ்வளவு சுலபமாக அங்கே விழும் ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) தலையைத் திருப்பிவிடுகிறது.

ஒரே குத்துக்கு ஒருவர் விழுகிறார், இன்னொருவர் நிற்கிறார் என்றால், கழுத்துத் தசையின் பருமன், தலைக்கும் கழுத்துக்கும் பிறவியிலேயே அமைந்த அளவு, வாய் மூடிப் பல் கடித்திருந்தாரா, தாடையைத் தோளுக்குள் புதைத்திருந்தாரா என்று பல காரணங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியம், குத்து வருவதைக் கண்டாரா என்பது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். வளைவு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கம்பியைப் பிடித்து உடம்பைச் சாய்த்துக்கொள்கிறார். தூங்கிக்கொண்டிருப்பவரின் தலைதான் ஜன்னலில் இடிக்கிறது. ரிங்கிலும் கண்ணுக்குத் தெரியாமல் வரும் குத்துதான் ஆளைச் சாய்க்கிறது.

ஆகவே பயிற்சியால் வளரக்கூடியவை உண்டு: கழுத்தின் பலம், பார்வை, குத்தின் திசையிலேயே தலையை விட்டுக்கொடுத்து அதன் வேகத்தைக் குறைக்கும் பழக்கம், மூச்சு. அடி வாங்கி அடி வாங்கி மூளையை உரமேற்றுவது என்று ஒன்று கிடையாது. தேயிலை பறிப்பவர் விரலில் காய்ப்பு ஏறுவது போல நரம்பிழைக்குக் காய்ப்பு ஏறாது. இன்று வாங்கிய குத்து நாளைய குத்துக்கு மூளையைத் தயார் செய்வதில்லை. ஆறுவதற்குள் அடுத்தது விழுந்தால் காயம் கூடுகிறது. எடை கூடிய பையன்களோடு வாரம் நான்கு நாள் மோதவிடுவதால் உங்கள் மகனின் தாடைக்கு எதுவும் கூடப்போவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடி தாங்குவதில் பேர்போனவர்களின் கதையைக் கோச்சும் சொல்லியிருப்பார், பையனும் கைப்பேசியில் பார்த்திருப்பான். அதை முழுவதுமாகப் பார்க்க வேண்டும். கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 தொழில்முறைப் போட்டிகளில் ஆடி ஒரு முறைகூடத் தரையில் விழாதவர். 1966இல் டொராண்டோவில் முகமது அலியோடு 15 சுற்றுகள் நின்றார். அதே சுவாலோவை 1967இல் ஜோ ஃபிரேசியரும் 1970இல் ஜார்ஜ் ஃபோர்மனும் வென்றபோதும் அவர் நின்றபடிதான் இருந்தார். நடுவர்தான் போட்டியை நிறுத்தினார். ஜேக் லமோட்டா 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் சுகர் ரே ராபின்சனிடம் 13ஆம் சுற்று வரை குத்து வாங்கினார். அன்றும் அவர் விழவில்லை, நடுவர் நிறுத்தினார். லமோட்டா தொண்ணூறைக் கடந்து வாழ்ந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடி வாங்கிய எல்லோருக்கும் மூளை நோய் வருவதில்லை. யாருக்கு வரும், யாரைத் தொடாது என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை மருத்துவர்களாகிய எங்களிடம் இல்லை என்பதுதான் சிக்கல்.

ஜெர்ரி குவாரியும் அதே காலத்தவர்தான். அலியோடும் ஃபிரேசியரோடும் இரண்டிரண்டு முறை மோதிய அவர், மறதி நோய் முற்றித் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாத நிலைக்குப் போய், 1999இல் 53 வயதில் இறந்தார். அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட், குத்துச்சண்டைக்காரர்களிடம் தள்ளாட்டத்தையும் குழறலையும் கண்டு 1928லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார். ஆக இது புதிதாகக் கிளப்பிய பயமும் அன்று. 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடிய அலியை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லிப் பூரிப்பார்கள். நான்கே ஆண்டுகளில், 1984இல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியானது. குத்துகள்தான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் அவரை முன்மாதிரியாகக் கொள்ளும் பையன் அந்தப் பிற்பகுதியையும் அறிந்திருக்க வேண்டும். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஃபோர்மனைக் களைக்க வைத்து எட்டாம் சுற்றில் வீழ்த்தினாரே, அந்தப் போட்டியைக் கவனித்துப் பார்த்தால் பல குத்துகள் அவருடைய கையிலும் முழங்கையிலும்தான் விழுகின்றன. அவர் அங்கே காட்டியது பெரும்பாலும் தடுக்கும் திறமை.

விழாத பையனைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். விழுகிறவனுக்கு நடுவர் எட்டு வரை எண்ணுகிறார், கண்ணைப் பார்க்கிறார், தேவையென்றால் நிறுத்துகிறார். விழாதவனுக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை. அவன் கணக்கில் குத்துகள் ஏறிக்கொண்டே போகின்றன. மலையில் நடந்த ஒரு போட்டியில் ரிங் ஓர மருத்துவராக நான் உட்கார்ந்திருந்தபோது, இரண்டாம் சுற்றில் ஒரு பையன் வலுவான இடது ஹூக் வாங்கியும் அசையாமல் நின்றான். அரங்கமே கைதட்டியது. மணி அடித்ததும் தன் மூலைக்கு வந்து உட்கார்ந்தவன், வாயிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்த மவுத் கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி வாயில் செருகப் பார்த்தான். எத்தனையாவது சுற்று முடிந்தது என்று கேட்டேன். "முதல் சுற்று, சார்" என்றான். அவன் கால்கள் உறுதியாகத்தான் இருந்தன. போட்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். கைதட்டியவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

1975இல் மணிலாவில் அலியோடு 14 சுற்றுகள் ஆடிய ஃபிரேசியர், கண்கள் வீங்கி மூடிய நிலையிலும் 15ஆம் சுற்றுக்கு எழ முயன்றார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை எழவிடவில்லை. நல்ல கோச்சுக்கு என்னிடம் ஒரே உதாரணம் கேட்டால் அதைத்தான் சொல்வேன். நிறுத்த ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1982 நவம்பர் 13 சாட்சி. லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டக் கூ, 14ஆம் சுற்று வரை தாங்கிவிட்டு விழுந்தார். மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து சில நாட்களில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது.

உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது இதுதான். முதல் ஓரிரு நாள் உடலுக்கும் மூளைக்கும் ஓய்வு. மெதுவாக நடக்கலாம், கைப்பேசியைக் குறைக்க வேண்டும், இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது. தலைவலி முற்றிலும் நின்ற பிறகு ஓட்டம், கயிறு தாண்டுதல், நிழல் குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பிறகு பை குத்துதல் என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள் கொடுத்து ஏற்றலாம். ஏதாவது ஒரு படியில் வலி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். எதிராளியோடு மோதுவது மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான். தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவருக்கு அமெச்சூர் போட்டிகளில் குறைந்தது 30 நாள் ஓய்வு விதிப்பது வழக்கம். பல மாதமாக வலி வந்து போகும் உங்கள் மகனுக்கும் அதே 30 நாளை நான் கேட்பேன்.

வலி நின்ற பிறகு கழுத்துப் பயிற்சி தொடங்கலாம். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் அழுத்தி, கை விட்டுக்கொடுக்காமல் ஆறு முதல் பத்து விநாடி நிறுத்த வேண்டும். பிறகு பின்தலை, இரண்டு பக்கங்கள். வாரம் மூன்று நாள் போதும். தலையைத் தரையில் ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் பழைய பயிற்சி வேண்டாம். கழுத்தெலும்புக்கு அது சுமை. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பள்ளி விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, கழுத்து பலமானவர்களுக்கு மூளை அதிர்ச்சி குறைவாக ஏற்பட்டதைக் காட்டியது. அவர்கள் கால்பந்து, கூடைப்பந்து போன்றவை ஆடியவர்கள். குத்துச்சண்டைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஹெட் கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மவுத் கார்டு பல்லைக் காக்கும். மூளை திரும்புவதை இரண்டாலும் தடுக்க முடியாது.

நம் ஊருக்கென்று ஒன்று. குளிரில் தாகம் தெரியாததால் பையன்கள் தண்ணீர் குடிப்பதில்லை. எடை குறைக்க ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடவும் செய்கிறார்கள். அப்படி வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது ஆபத்து. களைத்தவன் வாயைத் திறந்து மூச்சு வாங்குவான். திறந்த வாய் தாடைக்குப் பிடிமானம் இல்லாமல் செய்துவிடும்.

அடிபட்ட அன்று தலைவலி ஏறிக்கொண்டே போவது, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கத் தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் விரிவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலக் கசிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூளை அறுவை சிகிச்சைக்குக் கோவைக்கு இறங்க வேண்டி வந்தால் மலைப்பாதையே நேரத்தைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமோ மண்ணோ சரிந்து பாதை அடைபடவும் கூடும். அதனால்தான் மலையில் இருப்பவர்கள் சமவெளிக்காரர்களைவிட முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்கிறேன். அந்த இரவில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

கோச்சிடம் சண்டையாகப் பேச வேண்டாம். மூன்று வருடம் உங்கள் பிள்ளைக்காக உழைத்தவர். முப்பது நாள் முடிந்து மருத்துவர் அனுமதித்த பிறகு, வாரம் ஒரு நாள் மட்டும், தன் எடைக்காரனோடு, பெரிய கிளவுஸ் அணிந்து ஸ்பாரிங். மற்ற நாட்களில் உடம்புக்கு மட்டும் குத்தும் பழக்கமும் தலை விலக்கும் பயிற்சியும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால், என்னைக் கேட்டால், பயிற்சிக்கூடத்தை மாற்றுவேன். ராணுவத் தேர்வுக்கும் தெளிவான தலைதான் வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, மகன் ஸ்பாரிங் செய்த காணொளிகள் கைப்பேசியில் இருந்தால் காட்டுங்கள். வலியைப் பற்றிக் கேட்டால் பையன்கள் பாதியை மறைத்துவிடுவார்கள். எந்தக் குத்துக்குப் பிறகு அவன் கால் வைக்கும் விதம் மாறுகிறது என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.