வேலையா, லீக் ஒப்பந்தமா? கூடைப்பந்து வீரரின் தந்தைக்குப் பதில்

கேள்வி: ஐயா, பெரியகுளத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறேன். என் மகனுக்கு வயது 22, உயரம் ஆறடி ஐந்து அங்குலம். மாநில அணிக்குக் கூடைப்பந்து ஆடியிருக்கிறான். பி.காம். படிப்பில் இரண்டு தாள் பாக்கி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பொதுத்துறை நிறுவன வேலை வந்திருக்கிறது. பிடித்தம் போக மாதம் 38,000 ரூபாய். அதே நேரத்தில் ஒரு தனியார் லீக் அணி, சீசனுக்கு 9 லட்சம் வீதம் இரண்டு சீசன்களுக்கு அழைக்கிறது. வேலைக்குப் போனால் ஆட்டம் போய்விடும் என்கிறான் மகன். அவனுடைய ஷூ, பயணச் செலவுகளுக்காக அவன் அம்மாவின் நகை 1.6 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது. லீக் பணத்தை முன்பணமாகக் கொடுத்து ஒரு மனை வாங்கி, மீதிக் கடனை இரண்டாம் சீசன் பணத்தில் அடைக்கலாம் என்பது என் எண்ணம். அவனோ கார் கேட்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: வேலையில் சேரச் சொல்லுங்கள். லீக்கையும் இப்போதே உதற வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உங்கள் ஊரிலேயே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. அங்கே ஆட வருகிறவர்களின் பனியனில் என்ன எழுதியிருக்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள். வங்கி, ரயில்வே, ராணுவம். இந்தியாவில் இந்த ஆட்டத்தைப் பல பத்தாண்டுகளாகச் சோறு போட்டு வளர்த்தவை இந்த அலுவலக அணிகள்தான். வேலைக்குப் போனால் ஆட்டம் போய்விடும் என்பது வேறு எந்தத் தொழிலுக்கும் பொருந்தலாம். இங்கே வேலை கிடைப்பதே ஆடுவதற்காகத்தான்.

தனியார் லீக்குகளின் கதை வேறு. யு.பி.ஏ. என்ற இந்தியத் தனியார் கூடைப்பந்து லீக் 2015இல் ஆரவாரமாகத் தொடங்கியது. சென்னை ஸ்லாம் அணியும் அதில் ஆடியது. நான்கு சீசன்கள்தான், 2017க்குப் பிறகு லீக்கே இல்லை. உங்கள் மகனின் லீக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சீசன் ஒப்பந்தத்தில் இரண்டாவது சீசன் என்பது லீக் உயிரோடு இருந்தால், முழங்காலும் நலமாக இருந்தால் வருகிற பணம். அதை நம்பி மனைக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்து என்றதும் ஆன்டுவான் வாக்கர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் சம்பளமாக மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர், 2010இல் திவால் மனு கொடுத்தார். கார்களும் சூதாட்டமும் ஒரு பக்கம். மறுபக்கம் ரியல் எஸ்டேட் கடன்களுக்குத் தன் பெயரில் கொடுத்த உத்தரவாதங்கள். 2008இல் வீட்டுச் சந்தை சரிந்தபோது அவை எல்லாம் அவர் தலையில் விழுந்தன. நேர்மாறானவர் ஜூனியர் பிரிட்ஜ்மேன். என்.பி.ஏ.வில் ஆடிய 12 ஆண்டுகளில் ஒரு சீசனிலும் மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டாத சம்பளம். ஆட்டம் இல்லாத மாதங்களில் வெண்டீஸ் உணவகத்தில் நின்று தொழில் பழகினார். பின்னாளில் நூற்றுக்கு மேற்பட்ட கிளைகளுக்கு உரிமையாளர். 2025இல் அவர் காலமானபோது பெரும் கோடீஸ்வரர். தம்பி கார் பேச்சை எடுக்கும்போது இந்த இருவரின் கதையையும் சொல்லுங்கள். என் அறிவுரையை விட அது எடுபடும்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு கடிதம். சம்பளம் வாங்கிக்கொண்டு வெளி லீக்கில் ஆட நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டியிருக்கும். ஒன்றிய அரசு ஊழியர் நடத்தை விதிகள்கூட முன் அனுமதியின்றி அமெச்சூராக ஆடுவதற்குத்தான் இடம் தருகின்றன. பணத்துக்கு ஆடுவது வேறு. பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. எனவே எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் சார் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதி மறுக்கப்பட்டால் லீக்கை விட்டுவிடலாம்; 22 வயதில் நிரந்தர வேலையை விடும் அளவுக்கு 9 லட்சம் பெரிய தொகை இல்லை. வேலையில் அது இரண்டு ஆண்டுச் சம்பளம்கூட இல்லை.

அனுமதி கிடைத்தால் வரிக் கணக்கைப் பாருங்கள். விளையாட்டு வீரருக்குத் தரும் தொகையில் அணி நிர்வாகம் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும். 9 லட்சத்தில் 90,000 போய், கைக்கு 8.1 லட்சம் வரும். பிடித்தங்களையும் சேர்த்த முழு ஆண்டுச் சம்பளத்தில், சம்பளக்காரர்களுக்கு உள்ள நிலைக்கழிவு போக, 4.65 லட்சம் என்று வையுங்கள்; இரண்டும் சேர்ந்து 13.65 லட்சம். இப்போதைய புதிய வரி முறையில் 12 லட்சத்தைத் தாண்டிவிடுவதால் தள்ளுபடி கிடையாது. வரி சுமார் 88,000. பிடித்த பணம் ஏறக்குறைய அதற்கே சரி. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல 'வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும்' என்ற சலுகை விளையாட்டு வீரருக்கு இல்லை. ஆகவே லீக்கிற்காகத் தன் கையிலிருந்து செலவழிக்கும் ஷூ, பிசியோதெரபி, பயணச் சீட்டு ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள், கணக்கில் கழிக்கலாம்.

கைக்கு வரும் 8.1 லட்சத்தில் முதல் 1.6 லட்சமும் வட்டியும் அம்மாவின் நகைக்கு. இதில் யோசிக்க எதுவும் இல்லை, நாளைக்கே மீட்கலாம். அடுத்த 2 லட்சம் தொடாத வைப்புத்தொகையாக இருக்கட்டும். அது முழங்காலுக்கான பணம். தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பாலிசியின் விதிவிலக்குப் பக்கத்தைப் படியுங்கள்: தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். லீக் ஒப்பந்தத்திலும் இதையே தேடுங்கள். பயிற்சியில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, மீதிப் பணம் வருமா, தவணைத் தேதிகள் என்ன? இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பிறகு ஆண்டுக்கு 1.5 லட்சம் பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதியில். இதை லீக் பணத்தில் தொடங்கி, பின்னர் சம்பளத்தில் தொடரலாம். 15 ஆண்டுகள் கழித்து, இப்போதைய 7.1 சதவீத வட்டி நீடித்தால், சுமார் 40 லட்சம் இருக்கும். அப்போது தம்பிக்கு 37 வயது. கால்கள் ஓய்வு கேட்கும் வயது. மிச்சத்தை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். ஒரே நாளில் கொட்ட வேண்டாம்.

அந்த இரண்டு தாள்களையும் இந்த ஆண்டே எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு அலுவலகத்தில் பதவி உயர்வுக்குப் பட்டம் பேசும். பயிற்சியாளர் ஆக விரும்பினால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோ பேசும், அதில் சேரவும் பட்டம் உதவும்.

அமெரிக்கக் கனவு தம்பிக்கு இருந்தால் அதையும் தடுக்காதீர்கள், ஆனால் அதற்குப் பணம் கேட்டு வரும் ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் பஞ்சாபின் சத்னம் சிங், 2015இல் 52ஆவது ஆளாக. அமெரிக்காவின் ஐ.எம்.ஜி. அகாடமி அவரை உதவித்தொகை கொடுத்து அழைத்தது, அவர் வீட்டில் பணம் கேட்கவில்லை. அவருக்கே என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆலோசகர்களிடமும் எச்சரிக்கை வேண்டும், என்னையும் சேர்த்துத்தான். என்.பி.ஏ. நட்சத்திரம் டிம் டங்கன் போன்ற நிதானமான மனிதரையே அவருடைய நிதி ஆலோசகர் ஏமாற்றினார்; 2017இல் அந்த ஆலோசகருக்கு நான்கு ஆண்டுச் சிறை. பணம் எங்கே போகிறது என்று வங்கிக் கணக்கை மாதம் ஒருமுறை தம்பியே திறந்து பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

மனை வாங்குவதை வேலையில் தகுதிகாண் பருவம் முடிந்த பிறகு பேசலாம். காரைப் பொறுத்தவரை, ஆறடி ஐந்து அங்குல ஆள் வசதியாக உட்காரும் கார் இந்த பட்ஜெட்டில் கிடைப்பதும் சிரமம்தான்.