மேசையைத் தூக்கி எறியலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினித் திரையில் இன்றும் மேசை (டெஸ்க்டாப்), ஃபோல்டர், குப்பைத்தொட்டி. என் மாணவர்களில் பலர் காகித ஃபோல்டரைத் தொட்டதுகூட இல்லை. எதைச் சேமித்தாலும் எங்கே போனது என்று தேடுகிறார்கள். தேடல் பெட்டி ஒன்று போதாதா? இந்தப் பழைய உருவகத்தை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காகிதம் தெரியாததால்தான் குழப்பம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினி வந்தபோது அலுவலகங்களுக்குக் காகிதம் தெரியும், கணினி தெரியாது. அதனால் திரையில் ஆவணமும் ஃபோல்டரும் படங்களாக வந்தன. 1984இல் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினியில், தகவல் சேமிக்கும் பிளாப்பி வட்டை வெளியே எடுக்க, அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்குள் இழுத்துப் போடலாம். உள்ளிருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று முதல்முறை யாருக்கும் பயம் வரும். எந்த மேசையிலும் இல்லாத அந்த வழக்கத்தையும் மக்கள் பழகிக்கொண்டார்கள்.

சிக்கல் வேறு: ஒரு பொருளுக்கு ஒரே இடம் என்ற விதி. அம்மாவின் மருத்துவமனை ரசீதை ஸ்கேன் செய்கிறீர்கள். அதை ‘அம்மா’வில் வைப்பதா, ‘மருத்துவம்’ என்பதிலா, ‘வருமான வரி’யிலா? காகிதத்துக்கு அந்தக் கட்டாயம் உண்டு, கணினிக்குக் கிடையாது. 2004இல் வந்த ஜிமெயில், ஒரே மடலுக்குப் பல லேபிள்களை ஒட்ட விட்டது. அதற்கும் முன்பே, 1990களில், யேல் பல்கலைக்கழகத்தில் எரிக் ஃப்ரீமனும் டேவிட் கெலெர்ன்டரும் ஃபோல்டரே வேண்டாம், எல்லாம் கால வரிசையில் ஓடட்டும் என்று ‘லைஃப்ஸ்ட்ரீம்ஸ்’ செய்து பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முயற்சி அது.

தேடல் பெட்டி உதவும்தான். ஆனால் என்ன தேடுகிறோம் என்பது நினைவிருந்தால்தான் தேட முடியும். கண்ணில் படாத ரசீது மனதிலிருந்தும் போய்விடுகிறது.

தூக்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதைப் போனில் பார்த்துவிட்டோம். 2007இல் வந்த ஐபோன் ஃபைல்களை மறைத்தது. அவரவர் பொருள் அந்தந்த ஆப்பின் வசம் போனது. ஃபைல்களுக்கென்று ஓர் ஆப் அதில் வர 2017 ஆயிற்று. ஸ்டாரில் நீங்கள் திறப்பது ஆவணத்தை, புரோகிராமை அல்ல. இன்று முதலில் ஆப், பிறகுதான் நம் பொருள். எனக்குக் கோபம் இதன்மேல்தான். மேசைப் படம் போகட்டும், வருத்தமில்லை. எந்த ஆப்பின் தயவும் இல்லாமல் நான் பார்க்க, நகர்த்த, இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிற ஃபைல் எனக்கு வேண்டும். அது ஒரே சமயத்தில் பல இடங்களில் தென்படவும் வேண்டும்.

உங்கள் மாணவர்களிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, போனில் ஒரு ஆப்பில் வெட்டி, இன்னொன்றில் எழுத்து சேர்த்து, மூன்றாவதில் அனுப்பச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தப் படத்துக்கு எத்தனை பிரதிகள், எவை எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.